உப்புத் தண்ணி விட்ட புல்

தீபாவளிக்கு முந்தி பெய்த மழையில் தரை இளகியிருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று பிரியங்கா சொன்னாள். அவள் சொல்லிவிட்டால் மாரப்பனுக்கு மறுபேச்சு கிடையாது. கோடையில் கருகிய பழைய புல்லையெல்லாம் வாரி மூலையில் குவித்துவிட்டு, ஒரு இரும்புக் கம்பியால் தரை முழுக்கக் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டே போனார். பிரியங்கா கைப்பேசியைப் பார்த்தபடி அவர் பின்னால் நடந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாக் குத்தோணுமாம், மாரப்பண்ணா. உள்ள காத்துப் போனாத்தான் வேர் எறங்குமாம்."

"அப்படீங்களா கண்ணு? சரீங்க."

"நெருக்கி நெருக்கிப் போடுங்க."

"போட்டுட்டாப் போச்சுங்க. நீங்க எதுக்கு வெயில்ல நிக்கறீங்க? அக்கட்ட நெழல்ல நின்னு சொல்லுங்க, நாஞ் செய்யறேன்."

பின்பக்கத்துத் துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்து, வீட்டு மூலையில் நின்று தமிழ்மதி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் பிழியாத போர்வை இருந்தது. தண்ணீர் சொட்டிப் பாவாடை நனைவதுகூடத் தெரியவில்லை.

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் இளங்கோவின் வீடு அது. வீட்டுக்கு முன்னால் அகலமான புல்தரை. பின்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒற்றை அறை. அந்த அறையில்தான் தமிழ்மதியின் குடும்பம் இருந்தது. அவள் அப்பா மாரப்பன் இந்த வீட்டுத் தோட்டத்தையும் கேட்டையும் பார்த்துக்கொண்டார். அம்மா சின்னாத்தாள் இளங்கோவின் கம்பெனியிலேயே செக்கிங் பிரிவில் வேலை செய்தாள். பிரியங்கா முதலாளியின் ஒரே மகள். அவளுக்கும் தமிழ்மதிக்கும் ஒரே வயது.

இருவருமே இப்போது வீட்டில்தான் இருந்தார்கள். பிரியங்கா பன்னிரண்டாவது முடித்து, டாக்டர் படிப்புக்கான பரீட்சையில் மார்க் போதாமல், அடுத்த வருடம் மறுபடி எழுதுவதற்காக வீட்டில் இருந்து படித்தாள். தமிழ்மதி பதினொன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டாள். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போய் இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ஒரு டீச்சர் ஆரம்பித்திருந்தார். தமிழ்மதியின் முறை வந்த நாளில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. மறுநாளும் வந்தது. பிறகு ஒரு நாள் மாரப்பனே அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். கேட்டைத் தாண்ட மாட்டேன் என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போகிற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாரப்பன் அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தார்.

பத்தாவதில் அவள் வாங்கிய மார்க்கைக் கம்பெனி கேட்டில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்ன மனுஷன் அவர். பள்ளிக்கூட கேட்டிலிருந்து திரும்பிய அந்த நாளோடு மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு வேண்டும் என்றால் சின்னாத்தாளிடம் சொல்வார். சின்னாத்தாள் வீட்டில் இல்லாவிட்டால் தானே போட்டுச் சாப்பிடுவார். கோபமாக முறைத்திருந்தால்கூடத் தமிழ்மதி தாங்கியிருப்பாள். அவர் முறைக்கவும் இல்லை.

அந்த வாய்தான் இப்போது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை பிரியங்காவிடம் ஓயாமல் பேசியது.

இந்தப் புல் வேலையே பிரியங்காவின் பிடிவாதத்தால் வந்தது. கருகிப் போன தரையைப் பார்த்துவிட்டு, "பேசாம பேவர் பிளாக் பதிச்சரலாம், ரெண்டு கார் நிறுத்தலாம்" என்று இளங்கோ சொன்னபோது அவள்தான் அழுது மறித்தாள். கார்த்திகை தீபம் வரைக்கும் அவர் அவகாசம் கொடுத்தார். அதற்குள் பச்சை வரவில்லை என்றால் கல் பதிப்பது உறுதி. மாரப்பனைக் கம்பெனி கேட்டுக்கு வாட்ச்மேனாகப் போட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

"போனா நல்லதுதான்" என்றாள் சின்னாத்தாள், ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஷிப்டு வேலை. நேரம் முடிஞ்சா கெளம்பி ஊட்டுக்கு வந்தரலாம். இங்கயாட்டம் எந்நேரமும் மண்ணுலயே கெடக்க வேண்டியதில்ல."

"பொழப்பத்த பேச்சுப் பேசாத" என்றார் மாரப்பன். "அந்தக் கண்ணு அத்தன ஆசையா நிக்குது. நானு கேட்டுல உக்காந்து ஈ ஓட்டறதா?"

தமிழ்மதிக்கு அம்மா சொன்னது மனதில் விழுந்துவிட்டது. புல் வரவில்லை என்றால் கல் பதிப்பார்கள். அப்பா கம்பெனி கேட்டுக்குப் போவார். அங்கே பிரியங்கா இருக்க மாட்டாள். ஷிப்டு முடிந்து வந்து இந்த அறையில்தான் உட்கார்ந்தாக வேண்டும். நாலு சுவருக்குள் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருந்துவிட முடியும்?

புல் வரக்கூடாது என்று அன்றைக்கு அவள் சாமியிடம் வேண்டிக்கொண்டாள்.

நர்சரியில் இருந்து புல் வந்தது. பாய் மாதிரிச் சதுரம் சதுரமாக வெட்டி, மண்ணோடு அடுக்கி, சின்ன லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சலித்த செம்மண்ணும் மக்கிய எருவும் பரப்பி, மாரப்பன் ஒவ்வொரு துண்டாக வைத்து உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார். குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரித் தட்டினார். பிரியங்காவும் முட்டி போட்டு உட்கார்ந்து தட்டினாள். அவள் நகத்துக்குள் மண் போய்விட்டது என்று மாரப்பன் ஈர்க்குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்தார்.

"காலையில யாருங்கண்ணா தண்ணி விடறது? எனக்கு அந்நேரத்துக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்குது."

"அது விடட்டுமுங்க" என்றார் மாரப்பன், பின்னால் தமிழ்மதி துவைத்துக்கொண்டிருந்த பக்கம் தலையைக் கூடத் திருப்பாமல்.

பிரியங்காதான் தமிழ்மதியிடம் வந்து சொன்னாள். பின்பக்கத்தில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று நல்ல தண்ணி. ஆற்றுத் தண்ணீர் முனிசிபல் குழாயில் வந்து தொட்டியில் சேர்வது. இன்னொன்று போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு. சோப்புப் போட்டால் நுரை வராது. துவைக்கவும் பாத்திரம் விளக்கவும் அதுதான்.

"புது வேருப்பா. உப்புத் தண்ணி ஆகவே ஆகாது. நல்ல தண்ணிக் குழாயிலதான் டியூப் மாட்டோணும். சரியா தமிழ்?"

"சரீங்க."

முதல் சில நாள் அவள் ஒழுங்காகத்தான் விட்டாள். புல் நிமிர்ந்தது. ஓரங்கள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. மாரப்பன் செருப்பைக் கேட்டருகில் கழற்றிவிட்டுப் புல்லைச் சுற்றி நடந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் உலர்ந்த துணிகளைப் பெரிய வீட்டில் கொடுத்துவிட்டுத் தமிழ்மதி முன்வாசல் வழியாக வந்தாள். பிரியங்கா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாதிரித் தேர்வு ஒன்றில் மறுபடி மார்க் குறைந்திருந்தது. அவளுக்கு ரெண்டு படி கீழே மாரப்பன் உட்கார்ந்திருந்தார்.

"பரீச்ச என்னங்க கண்ணு பரீச்ச? அதென்ன ஓடியா போவுது? இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் வருது. அதுக்குப் போயிக் கண்ணுல தண்ணி வுடலாமுங்களா? ஒரு எடத்துல கால் தடுக்கிச்சுன்னா நடக்கறதையே உட்டர்றமா? எந்திரிங்க, மொகத்தக் கழுவுங்க. நீங்க அழுதா எனக்குச் சோறு எறங்காது."

தமிழ்மதி கேட்டுக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு வரவேண்டிய வார்த்தை. பள்ளிக்கூட கேட்டில் கம்பியைப் பிடித்து நின்றபோது அவர் இதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும். அவளுக்கென்று இருந்ததை எடுத்து, தேவைப்படாத இடத்தில் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிறவளுக்கு ஏசி ரூம் இருக்கிறது, ஆன்லைன் கிளாஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. சொந்தத்தில் ஒரு அப்பாவும் இருக்கிறார். இதுவும் வேண்டுமாக்கும்.

மறுநாள் விடிந்ததும் அவள் டியூபைப் போர் தண்ணிக் குழாயில் மாட்டினாள்.

தண்ணீர் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. புல் மேல் விழுகிற சத்தமும் ஒன்றுதான். பக்கத்து லைன் வீட்டு மூக்கம்மாள், தேனிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவள், வேலைக்குப் போகிற வழியில் கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, எங்களுக்குக் குடிக்க ஒரு கொடம் கெடைக்கல, நீ புல்லுக்கு நல்ல தண்ணிய ஊத்திக்கிட்டு இருக்கே பாரு" என்று கத்திவிட்டுப் போனாள். தமிழ்மதி சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

மழை ஏமாற்றிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு வானம் மூடி மூடிக் கலைந்தது. அந்த வாரக் கடைசியில் புல்லின் நுனி பழுத்தது. அடுத்து நடுவில் வட்டம் வட்டமாக மஞ்சள் விழுந்தது. மாரப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். நர்சரிக்காரனுக்குப் போன் போட்டார்கள். வேர் அழுகலாக இருக்கும் என்று அவன் ஒரு மருந்து சொன்னான். அதையும் தெளித்தார்கள். மஞ்சள் பரவியது.

"என்ற கைராசி சரியில்லீங்க கண்ணு. நான் தொட்டது எதுவும் வெளங்காது."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா. எங்கியோ ஒரு சின்னத் தப்பு. கண்டுபுடிச்சரலாம்."

தமிழ்மதி நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. புல் நோவில் விழுந்ததும் அப்பா அறைப்பக்கம் வருவதே குறைந்துபோனது. மத்தியானச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போய்ப் புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிரியங்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மாதிரி மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். முன்னாலாவது வேலை நடக்கும்போது மட்டும் பேச்சு. இப்போது பேச்சே வேலையாகிவிட்டது.

புல் சீக்கிரம் சாகட்டும் என்று தமிழ்மதி காலையில் இன்னும் அதிக நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துவைத்துக்கொண்டிருக்கும்போது பிரியங்கா பின்பக்கம் வந்தாள். கையில் ஒரு பிடி மண் இருந்தது.

"தமிழ், இதத் துளி நாக்குல வெச்சுப் பாரு."

"எதுக்குங்க?"

"வெச்சுப் பாரேன்."

தமிழ்மதி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்குதா?"

"தெரியிலீங்க."

"எனக்குக் கரிக்குது. மேல வெள்ளையாப் பூத்திருக்குது, உப்பு. நானும் மருந்து மருந்துன்னு தேடிட்டு இருந்திருக்கறேன், லூசாட்டம்." பிரியங்கா கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எந்தக் குழாயில மாட்டறே?"

தமிழ்மதி துணியைக் கும்மினாள்.

"தெரியாம மாத்தி மாட்டிட்டியா?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். அது அவளால் முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிரியங்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியங்காவின் முகம் மாறியது. புரிந்துவிட்டது.

"ஏம்ப்பா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் உன்னைய என்ன பண்ணுனேன்?"

தமிழ்மதி துணியை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள்.

"சரி, விடு. உங்கப்பா கிட்ட நான் பேசிக்கறேன். உன்னையத் திட்டாத மாதிரி சொல்லிக்கறேன். எம் பேச்சக் கேப்பாரு."

அவள் எழுந்து போனாள். கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை கல்லின் மேலேயே கிடந்தது. கேட்பாராம். தன் அப்பாவிடம் தனக்காக அவள் பேசுவாளாம்.

ஈரக் கையோடு தமிழ்மதி பின்னாலேயே ஓடினாள்.

முன்பக்கத்தில் மாரப்பன் மஞ்சள் புல்லுக்கு நடுவே நின்றிருந்தார். பிரியங்கா அவரை ஒரு மூலைக்குக் கூட்டிப் போய்க் கீழே காட்டினாள். நர்சரிப் புல்லின் இடுக்கில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. சுற்றிலும் எல்லாம் வெளுத்துப் போன இடத்தில் அது மட்டும் கரும்பச்சையாக இருந்தது.

"இதென்னங்கண்ணா புல்லு?"

"இதுங்களா? அருகுங்க. நம்ம புள்ளாருக்கு வெக்கறது. நான்தான் களையின்னு புடுங்கிப் புடுங்கிப் போடறேன், திரும்ப வந்துருது."

"உப்புத் தண்ணிய தாங்குது பாத்தீங்களா? நான்தான் தமிழ் கிட்ட இந்தப் பக்கம் போர் தண்ணி விட்டுப் பாக்கச் சொன்னேன். எது நிக்குதுன்னு ஒரு டெஸ்ட். உங்க கிட்டச் சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. கடைப் புல்லு நிக்கல. இது நின்னுருச்சு. வர்ற கோடைக்கு நல்ல தண்ணி எங்க கெடைக்கப் போவுது? அருகையே பூராவும் நட்டரலாம். தீபத்துக்குள்ள புடிச்சுக்கும்."

மாரப்பனின் முகத்தில் அத்தனை நாள் இருந்த இருட்டு விலகியது. குனிந்து அருகைத் தொட்டார். நிமிர்ந்து பிரியங்காவைப் பார்த்தார்.

"டெஸ்ட்டுங்களா கண்ணு! எங்க மண்டையில இதெல்லாம் ஏறுமுங்களா? நான் கைராசின்னு பொலம்பிட்டு இருக்கறேன், நீங்க காதும் காதும் வெச்ச மாதிரி இத்தன வேல பண்ணியிருக்கறீங்க. உங்களுக்குப் போயி மார்க் போடலீன்னா அவந்தான் முட்டாளு."

சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அறைக்குள் அந்தச் சிரிப்பு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தமிழ்மதி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அவள் செய்த காரியம் அது. நல்லதோ கெட்டதோ, விடிகாலையில் எழுந்து தன் கையால் செய்தது. அதையும் பிரியங்கா எடுத்துக்கொண்டாள். கேட்காமலே எடுத்து, அழகாக மடித்து, தன் பெயரைப் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அதற்கும் அவருக்குச் சிரிப்பு வருகிறது.

"அவுங்க சொல்லல" என்றாள்.

மாரப்பன் திரும்பினார். யார் பேசியது என்று தேடுகிற மாதிரி.

"தமிழ், நீ உள்ள போ" என்றாள் பிரியங்கா அவசரமாக.

"அவுங்க எங்கிட்ட எதுவுஞ் சொல்லலீங்கப்பா. டெஸ்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நானாத்தான் உப்புத் தண்ணிய விட்டேன். தெனமும் விட்டேன். காஞ்சு போகோணும்னுதான் விட்டேன்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கேட்டைத் தாண்டித் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். மாரப்பன் கையில் இருந்த களைக்கொத்தைத் தரையில் வீசி எறிந்தார்.

"காஞ்சு போகோணும்னா? ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? வாயில்லாத புல்லு உன்னைய என்ன பண்ணுச்சு? நான் சோறு தண்ணியில்லாம இங்கயே கெடக்கறேன், நீ தெனமும் பாத்துட்டுத்தானே இருந்தே? பாத்துட்டே ஊத்துனியா?"

"ஆமாங்க."

"ஆமாவா! ஆமாங்கறா பாரு! மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னாகும்? பொட்டிய எடுத்துட்டுத் தெருவுலதான் நிக்கோணும். பெத்த புள்ளையா நீயி? செய்யறதயெல்லாம் செஞ்சுபோட்டு ஊமையாட்டம் நிக்கறது. அன்னிக்கும் இப்படித்தான். பள்ளிக்கோடத்துக் கேட்டப் புடிச்சுட்டு, என்னடா ஏதுடான்னு ஒரு வார்த்த இல்ல. பைய நான் தூக்கிட்டு வாறேன், ஊரே பாக்குது. ஒரு காரணம், ஒரே ஒரு காரணம் சொன்னியா?"

"எல்லாத்து முன்னாடியும் நின்னு பேசச் சொன்னாங்க. எனக்கு வாய் வரல."

"வாய் வரலையாமா! அத எங்கிட்டச் சொல்ல என்ன?"

"நீங்கதான் பேசலியே."

"நான் பேசலீன்னா நீ பேசக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? இப்ப மட்டும் தெருவே கேக்கக் கத்தறே? இத அன்னிக்கு அந்த டீச்சரு கிட்டக் கத்தறதுதானே?"

நிறுத்தாமல் திட்டினார். புல்லில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்து அவள் சரியாகச் சாப்பிடாததற்கு வந்தார். தலைக்கு எண்ணெய் வைக்காததற்கு ஒரு திட்டு. தையல் கிளாஸில் சேரச் சொல்லி அம்மா மூலம் சொல்லி அனுப்பியும் சேராததற்கு ஒரு திட்டு. இவ்வளவையும் அவர் கவனித்து வைத்திருந்தது தமிழ்மதிக்கு இப்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வழிந்தது, மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. துடைக்கக் கையைத் தூக்கினால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"மாரப்பண்ணா" என்றாள் பிரியங்கா. "பாவம் அவ, விடுங்கண்ணா. நான் போயி அருகு எங்கெங்க இருக்குதுன்னு பாத்துட்டு வரட்டுங்களா?"

மாரப்பன் திரும்பவில்லை. அவருக்கு அது காதில் விழவே இல்லை.

விழவில்லை என்பதைத் தமிழ்மதி பார்த்தாள். பிரியங்காவும் பார்த்தாள். பாவாடை நுனியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் படியேறி உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தமிழ்மதிக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

"காஞ்சதப் பூராத்தையும் இன்னிக்கு நீதான் சொரண்டி எடுக்கோணும். அருகு பூராவும் நீதான் நடோணும். ஒரு தாளு சோர்ந்துச்சுன்னா அப்பறம் இருக்குது உனக்கு. நான் பக்கத்துலயே நிப்பேன், பாத்துக்க. என்ன நின்னுட்டே இருக்கறே? போயி மண்வெட்டிய எடுத்துட்டு வா!"

மண்வெட்டி பின்பக்கச் சுவரோரம் இருந்தது. ஓடினால் ஒரு நொடியில் எடுத்து வந்துவிடலாம். அவள் ஓடவில்லை.

"இதென்ன நடை? பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காப்பியா கொண்டு போறே?" என்று பின்னாலிருந்து அப்பா கத்தினார்.

அவள் இன்னும் மெதுவாக நடந்தாள்.